விஜயதசமி ராஜாமணி

ராஜாமணிக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று மாரண்டஹள்ளியில் யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதுதான். அதை மட்டும் மகா பிரமாதமாகச் செய்வான். முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் தேய்த்து, விரல்களைச் சொடுக்கெடுத்து, கடைசியில் ஒரே ஒரு விரலால் ஒரு எழுத்தைத் தேடித் தட்டுவான். டைப்ரைட்டிங் லோயர் பாஸ், ஹையரில் மூன்று முறை கோட்டை விட்டவன். மிஷின் பெரிதாகிவிட்டதால் விரலும் வேகமாகிவிடுமா என்ன?

அந்தக் காலத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலை எங்கள் பக்கத்தில் கரும்பு ஆபீஸ் ஒன்று வைத்திருந்தது. மாரண்டஹள்ளி பஸ் நிலையத்துக்கு எதிரே, உரக்கடை மாடியில். ஆலை அங்கிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். நான் அந்த ஆபீஸில் பீல்டு மேன். யார் எவ்வளவு நட்டிருக்கிறார்கள் என்று வயலுக்குப் போய் அளப்பது, கரும்பு முற்றியதும் வெட்டு உத்தரவை அவர்கள் கையில் கொண்டுபோய்க் கொடுப்பது, இதுதான் என் வேலை. அந்த உத்தரவு இல்லாமல் ஆலை யார் கரும்பையும் எடுக்காது. பெயர் நூர் பாஷா. ஊரில் எல்லோருக்கும் பாயி. ராஜாமணி அதே ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தான். எழுபது விவசாயிகள் பெயரை டைப் அடிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் கார்பன் பேப்பர் சரியில்லை என்று சொல்கிற டைப்பிஸ்ட்.

எண்பத்தேழில் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று தெரிந்ததும் ஆலைக்காரர்கள் யாராவது ஒருத்தரைப் படிக்க அனுப்பச் சொன்னார்கள். எங்கள் ஆபீஸுக்குத் தலைவரான கேன் ஆபீசருக்கு, அதாவது கரும்பு அதிகாரிக்கு, ராஜாமணி இல்லாத மூன்று மாதம் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியிருக்க வேண்டும், அவனைப் பெங்களூருக்கு அனுப்பினார். மாமா வீட்டில் தங்கிப் படித்தான். திரும்பி வந்தபோது சட்டைப் பையில் நாலு கலர் ரீஃபில் போட்ட பேனா, வாயில் "சிஸ்டம்" என்ற வார்த்தை. சாப்பிடப் போவதைக்கூட "சிஸ்டத்த ஆஃப் பண்ணிட்டு வரன்" என்றுதான் சொன்னான். அடுத்த மாதமே கல்யாணம். பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் மூன்று இங்கிலீஷ் எழுத்து போட்டிருந்தான். பெண் வீட்டார் அவனை ஏதோ டாக்டர் என்று நினைத்துக்கொண்டு, பந்தியில் மாமனார் தன் மூட்டு வலியைப் பற்றி அவனிடம் விசாரித்தார். இவனும் சளைக்காமல் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னான்.

கம்ப்யூட்டரை விஜயதசமி அன்று பூஜை போட்டுத் தொடங்கினார்கள். அதில் எனக்கு ஒன்றும் இல்லை, பொரியும் கடலையும் நானும் வாங்கித் தின்றேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த அறைக்கு ராஜாமணி போட்ட சட்டங்கள் இருக்கிறதே! செருப்பைக் கழற்ற வேண்டும். வெற்றிலை போட்டிருந்தால் உள்ளே வரக்கூடாது. சத்தமாகப் பேசினால் ஃபைல் அழிந்துவிடும். பாவம், காடு கழனியிலிருந்து வந்த ஜனங்கள் அவன் சொன்னதை நம்பி, திரைச்சீலைக்கு வெளியே நின்று கிசுகிசுவென்று தங்கள் ஊர் பெயரைச் சொன்னார்கள். அவன் வேண்டுமென்றே "ஆங்? கேக்கல" என்பான்.

அவனுடைய புகழுக்கெல்லாம் காரணமான காரியம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல முடியாது.

ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு ஃபைல் என்று தட்டி வைத்தான். அந்த ஃபைல்களைச் சனிக்கிழமைதோறும் ஒரு ஃபிளாப்பியில் காப்பி எடுத்து ஆலைக்கு அனுப்ப வேண்டும். அங்கே உள்ள கம்ப்யூட்டரில் அதை ஏற்றி, எந்த வாரம் யார் பதிவு வந்ததோ அந்த வரிசைப்படி, கரும்பு முற்றும்போது வெட்டு உத்தரவு அடிப்பார்கள். முதல் இரண்டு மாதம் எல்லா ஃபைலும் ஒரே ஃபிளாப்பியில் அடங்கின. பிறகு அடங்கவில்லை. ஆலையிலிருந்து, போன வாரம் வந்ததையே மறுபடியும் அனுப்பாதே, புதுசாகச் சேர்ந்ததை மட்டும் அனுப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் ராஜாமணி பேட்ச் ஃபைல் எழுதினான். பேட்ச் ஃபைல் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தினமும் கையால் தட்டுகிற கட்டளைகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிட்டால், பிறகு அந்த ஃபைலின் பெயரைத் தட்டினால் போதும், எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும். அதற்கு அவன் வைத்த பெயர் "ராஜா". மொத்தம் பதினோரு வரி. முதல் வரி திரையைத் துடைக்கும். அப்புறம் நட்சத்திரக் குறிகளாலேயே ஒரு பார்டர். நடுவில் வெல்கம். அதன் கீழே அவன் முழுப் பெயர், இனிஷியல், அந்த மூன்று எழுத்து. ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள் என்று ஒரு வரி. கடைசியில் தேங்க் யூ, மறுபடியும் நட்சத்திரம். இதற்கு நடுவே ஒரே ஒரு வரிதான் வேலை செய்கிற வரி. இன்ன தேதியிலிருந்து எழுதப்பட்ட ஃபைல்களை மட்டும் எடுத்து ஃபிளாப்பியில் போடு என்கிற வரி. அதையும் பெங்களூர் வாத்தியார் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறார், இவன் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். பத்து வரி பவுடர், ஒரு வரி முகம். அதுவும் அடுத்தவன் முகம்.

ஆனால் அலட்டலைப் பார்க்க வேண்டுமே. சனிக்கிழமை மதியம் ஆனால் கேன் ஆபீசரைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைப்பான். "ராஜா" என்று தட்டி, ஒரு இடம் விட்டு, போன சனிக்கிழமையின் தேதியைத் தட்டுவான். திரையில் விவசாயிகள் பெயர் கீழிருந்து மேலே ஓடும். கேன் ஆபீசர் வாயைப் பிளந்து பார்ப்பார்.

"பாத்தீங்களா சார், பழசு ஒண்ணு வராது. புதுசு ஒண்ணு உடாது. அதுவே பொறுக்கி எடுத்துக்கும்."

"எப்படிய்யா அதுக்குத் தெரியுது?"

"புரோகிராம்ங்க சார். மூளை அங்க இல்ல, இங்க இருக்குது" என்று தன் நெற்றியைத் தட்டிக் காட்டுவான்.

அந்த மூளையின் லட்சணத்தைச் சொல்கிறேன்.

ராஜாமணி அஷ்டமி நவமி பார்க்கிறவன். அந்த இரண்டு நாளும் புது வேலை எதையும் தொட மாட்டான். தொட்டால் விளங்காது என்பது அவன் நம்பிக்கை. டைப்ரைட்டர் காலத்தில் ரிப்பன் தீர்ந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகு வோல்டேஜ் இல்லை என்றான். எல்லா அஷ்டமிக்கும் எங்கள் ஆபீஸுக்கு மட்டும் வோல்டேஜ் வராததைக் கேன் ஆபீசர் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். அவர் கொஞ்சம் மந்தம்தான், ஆனாலும் கீழே உரக்கடையில் மின்விசிறி சுற்றுவது அவர் காதிலும் விழுந்திருக்கும். ஒருநாள் வந்து பின்னால் நின்றுகொண்டு, "இன்னிக்கு எல்லாப் பதிவும் என் முன்னாலயே போடணும்" என்றார்.

அன்று அஷ்டமி. ராஜாமணிக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் ஒரு யோசனை உதித்தது. அந்தக் காலத்து மிஷின்களில், எங்களுடையது போன்றவற்றில், உள்ளே கடிகாரம் ஓட பேட்டரி கிடையாது. காலையில் சுவிட்சைப் போட்டதும் இன்றைக்கு என்ன தேதி என்று நம்மைக் கேட்கும். நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் அதற்குத் தேதி. அன்று எழுதுகிற ஃபைல்களின் மேல் அந்தத் தேதியைக் குத்தி வைத்துக்கொள்ளும். ராஜாமணி மிஷினை அணைத்துப் போட்டு, தேதி கேட்ட இடத்தில் கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்ட அந்த விஜயதசமியின் தேதியைத் தட்டினான். முடிந்தது கதை. ஊரெல்லாம் அஷ்டமி, அவன் அறைக்குள் மட்டும் விஜயதசமி.

அன்று டீக்கடையில் அவனே பீற்றிக்கொண்டான்.

"பாயி, சாமிக்கும் சமாதானம், ஆபீசருக்கும் சமாதானம். அதுக்கு என்ன பஞ்சாங்கமா தெரியும்? நாம சொன்னா நம்பிக்கும். இனிமே எல்லா அஷ்டமி நவமிக்கும் அந்தத் தேதிதான்."

என் அப்பா வெள்ளிக்கிழமை ஜும்மா முடியாமல் கடையைத் திறக்க மாட்டார். காலையில் வருகிற வியாபாரம் போனால் போகட்டும் என்று விடுவார். சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டு, தொழுகை முடிந்துவிட்டது என்று அல்லாவுக்குச் சொல்லிவிட்டு வியாபாரம் செய்ததில்லை. நம்பிக்கை இருந்தால் லீவு போட்டுவிட்டு வீட்டில் இரு. இல்லையென்றால் வேலையைப் பார். இரண்டும் இல்லாமல் கும்பிடுகிற சாமியையே ஏமாற்றுகிறவனை நான் என்னவென்று சொல்வது? அவனிடம் அதைச் சொன்னேன். உனக்கு சிஸ்டம் புரியாது என்றான்.

மிக்கேலம்மாள் வந்தது அந்த அஷ்டமி அன்றுதான். மேற்கே மூன்று மைலில் கிராமம். புருஷன் சவுரியப்பன் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவர் வெட்டி வைத்துவிட்டுப் போன கிணற்றை நம்பித் தனியாகவே ஒன்றரை ஏக்கரில் கரும்பு நட்டிருந்தாள். தை மாதம். நான்தான் போய் அளந்தேன். கணு கணுவாகப் பார்த்துப் பொறுக்கிய விதைக் கரணை, ஒரு அடி மண் வீணில்லை, வரப்பில் துவரை. நாற்பத்தைந்து வயதுப் பெண்பிள்ளை அவ்வளவு சுத்தமாக நட்டிருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதிவு போட இரண்டு முறை ஆபீஸ் வந்து, வோல்டேஜ் இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவள். மூன்றாம் முறை கேன் ஆபீசர் நிற்கும்போது வந்து மாட்டினாள். திரைச்சீலையை விலக்கி நின்று, தன் பெயரை அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டி முடிக்கும் வரை பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள்.

மற்றபடி அஷ்டமி நவமியில் அவன் பதிவு போட்டது மிகவும் அபூர்வம். கேன் ஆபீசர் தலைமேல் வந்து நின்றால்தான் போடுவான். அந்த வருஷம் முழுக்க அப்படி மாட்டியவர்கள் நாலே பேர். மற்ற மூன்று பேருக்கும் ஆலையில் ஆள் இருந்தது, எப்படியோ வெட்டி அனுப்பிவிட்டார்கள். மிக்கேலம்மாளுக்கு யாரும் இல்லை.

அடுத்த மார்கழியில் அவளுடைய அக்கம்பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் வெட்டு உத்தரவு வந்தது. அவளுக்குப் பிறகு நட்டவர்களுக்கும் வந்தது. அவளுக்கு வரவில்லை. கரும்பு முற்றியதும் வெட்டிவிட வேண்டும். விட்டால் பூ எடுக்கும், தண்டு உள்ளே பஞ்சாகி நெட்டி போடும், சாறு வற்றிச் சக்கையாகும். காலம் தள்ளி வெட்டினால் மண்ணில் நிற்கிற அடிக்கட்டையும் சரியாகத் தழையாது, அதிலிருந்து வர வேண்டிய அடுத்த வருஷக் கட்டைக் கரும்பும் போய்விடும். ஒரு போகம் தப்பினால் அவளுக்கு இரண்டு வருஷம் போனது போல.

ஆபீஸுக்கு வந்தாள். ராஜாமணி திரையில் அவள் ஃபைலைக் கொண்டுவந்து காட்டினான்.

"பாத்துக்கங்க. உங்க பேரு, உங்க ஊரு, ஒன்றரை ஏக்கரு. இருக்குதா இல்லையா?"

"இருக்குதுன்னா சரிங்க சாரு. எனக்கு என்ன இங்கிலீஷா தெரியும்? ஆர்டரு ஏன் வரல?"

"அது ஆலைக்காரன் விஷயம். நம்ம சைடுல கரெக்டு."

சரி என்று போனாள். பொங்கல் வந்தது, உத்தரவு வரவில்லை. நான் ஆலைக்குப் போனபோது அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற அப்துல் சுபானிடம் கேட்டேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேருல எதுவும் எங்களுக்கு வரவே இல்லியே பாய்" என்றார். நல்ல மனிதர். இரண்டு முறை தேடினார்.

திரும்பி வந்து ராஜாமணியிடம் சொன்னேன். அவன் சிரித்தான். "சுபானுக்கு என்ன தெரியும்? இப்ப பாரு" என்று ஒரு காலி ஃபிளாப்பியைப் போட்டு, மிக்கேலம்மாள் பதிவு செய்த அந்தத் தை மாதத்து வாரத்தின் தேதியைக் கொடுத்து அவனுடைய ராஜாவை ஓட்டினான். நட்சத்திரம் வந்தது. வெல்கம் வந்தது. அவன் பெயர் வந்தது. பிறகு விவசாயிகளின் பெயர்கள் ஓடின. அவளுக்கு முதல் நாள் பதிந்தவர் வந்தார். அவளுக்கு இரண்டு நாள் கழித்துப் பதிந்தவர் வந்தார். ஃபிளாப்பி நிரம்பும் வரை பெயர்கள் ஓடின, அவள் பெயர் மட்டும் வரவில்லை.

"மறுபடி ஓட்டு" என்றேன். ஓட்டினான். வரவில்லை.

ராஜாமணி சிரிப்பை நிறுத்திவிட்டு, எல்லா ஃபைலையும் தேதியோடு வரிசையாகக் காட்டுகிற கட்டளையைத் தட்டினான். அவள் ஃபைல் வந்தது. பக்கத்தில் தேதி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், விஜயதசமி. அவள் கரணை நடுவதற்கு மூன்று மாதம் முன்பே பதிவாகியிருந்தாள்! இன்ன தேதியிலிருந்து எழுதியதை மட்டும் எடு என்று சொன்னால், அதற்கு முந்தின தேதி குத்திய ஃபைலை அது ஏன் எடுக்கப்போகிறது? அவன் எழுதிய அந்த ஒரே வரி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. அவன் சொன்ன பொய்யையும் ஒழுங்காக நம்பியிருக்கிறது.

எனக்கே புரிந்துவிட்டது, அவனுக்குப் புரியாமல் இருக்குமா? முகம் செத்துவிட்டது. கையை நீட்டி மானிட்டரின் வெளிச்சக் குமிழைத் திருகி, திரையை இருட்டாக்கினான்.

"வைரஸா இருக்கும்" என்றான்.

"ராஜாமணி, நீ தேதிய மாத்தினது எனக்குத் தெரியும். நீயே சொல்லியிருக்கற."

"மெதுவாப் பேசு பாயி. நான் பாத்துக்கறன்."

பார்த்துக்கொண்ட லட்சணம் இது. அந்தச் சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் அவள் ஃபைலைத் திறந்து, ஒரு எழுத்தும் மாற்றாமல் திரும்பச் சேமித்தான். புதுத் தேதி குத்திக்கொண்டது. ராஜாவும் சமர்த்தாக அதைப் பொறுக்கி எடுத்தது. ஆலைக்குப் போனது. ஆலையில் வரிசை எப்படி? எந்த வாரம் வந்ததோ அந்த வரிசை. அந்த வாரம் வந்தவர்கள் எல்லாம் அப்போதுதான் புதிதாகக் கரணை நட்டவர்கள். மிக்கேலம்மாள் அவர்களோடு போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு வெட்டு உத்தரவு அடுத்த மார்கழியில் என்று வந்தது. காட்டில் முற்றி நிற்கிற கரும்புக்கு இன்னும் ஒரு வருஷம்!

நான் மறுபடியும் சுபானிடம் ஓடினேன். அவர் சொன்னது நியாயம்தான். "நான் என் இஷ்டத்துக்கு முன்னால தள்ள முடியாது பாய். எல்லாரும் வந்து நிப்பாங்க. போன தை மாசமே பதிஞ்சது, எங்க ஆபீஸ்ல தவறிடுச்சுன்னு உங்க கேன் ஆபீசரு ஒரு வரி எழுதி அனுப்பட்டும். அன்னிக்கே ஆர்டர் அடிக்கறன்."

ஒரு வரி. அதற்காகக் கேன் ஆபீசரிடம் போனேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன், விஜயதசமி உட்பட. அவருக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை.

"தேதிய மாத்தறதா? கம்ப்யூட்டர்ல அதெல்லாம் முடியுமாய்யா?" என்று ராஜாமணியைக் கூப்பிட்டே கேட்டார்.

அவன் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "சான்ஸே இல்லீங்க சார். அது உள்ளயே ஓடறதுங்க. கடவுளே வந்தாலும் மாத்த முடியாது."

கடவுளுக்காகத்தான்டா மாற்றினாய் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கேன் ஆபீசர் என்னைப் பார்த்து, "நூர் பாஷா, நீ காட்டை அள. சிஸ்டத்த அவன் பாத்துக்குவான். அந்தப் பொம்பள லேட்டா வந்து பதிஞ்சிருக்கும், இப்ப மாத்திப் பேசும்" என்றார். அந்தப் பொம்பளை பதிந்த அன்று அதே அறையில், அதே நாற்காலிக்குப் பின்னால் நின்றவர் இவர். பன்னிரண்டு மாதத்தில் மறந்துவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும்.

வெளியே வந்து ராஜாமணியைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"ஒரே ஒரு வார்த்த. தவறிடுச்சுன்னு சொல்லு. எதனாலன்னுகூடச் சொல்ல வேணாம்."

"உனக்கென்ன பாயி, ஈசியாச் சொல்ற. ஏப்ரல்ல என்னை ஆலைக்கே சூப்பர்வைசராப் போடப் பேசிக்கிட்டிருக்காங்க. என் புரோகிராம் ஒண்ணு தவற உட்டுச்சுன்னு எழுதிக் குடுத்தா யாரு போடுவான்?"

"அந்தம்மா கரும்பு காயுதுடா."

"ஒரு பார்ட்டிதான பாயி? முன்னூத்திச் சொச்சம் பார்ட்டி கரெக்டாப் போயிருக்குதே, அத ஏன் பாக்க மாட்டேங்கற?"

இதைச் சொல்லிவிட்டு நாலு கலர் பேனாவை எடுத்துப் பச்சை ரீஃபிலை அழுத்தி அழுத்தி விட்டுக்கொண்டிருந்தான். நான் அறைந்திருக்க வேண்டும்.

வெல்லம் காய்ச்சுகிறவர்களிடம் விற்றுவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவளும் கேட்டாள். ஆலைக்குப் பதிந்த கரும்பை வெல்லத்துக்கு விற்கக் கூடாது என்று விதி. வெல்லக்காரர் எங்கள் ஆபீஸில் விசாரித்தார். ராஜாமணி திரையில் பார்த்து, "பதிஞ்சிருக்குது, தொட்டீங்கன்னா கேஸ்" என்றான். ஆலையிடம் கேட்டால் அவள் இப்போதுதான் பதிந்தவள். வெல்லக்காரரிடம் கேட்டால் எப்போதோ பதிந்தவள். கரும்பு என்னவோ இரண்டு பேருக்கும் இல்லாமல் நின்றபடியே காய்ந்தது. ராஜாமணி செய்ததை அவளிடம் சொல்லிவிட்டிருந்தேன். மாசி பிறந்தபோது நான் போய்ப் பார்த்தேன். மேலெல்லாம் வெள்ளையாகப் பூ. தோகை முழுக்கச் சருகு, காற்றடித்தால் காதைக் கிழிக்கிற சத்தம். ஒரு கழியை ஒடித்துக் கொடுத்தாள். நடுவில் நெட்டி விழ ஆரம்பித்திருந்தது, ஆனாலும் இனிப்பு இருந்தது.

"இன்னும் பத்து நாள் தாங்குங்களா பாயி?"

"அவ்வளவுதாங்கக்கா."

"அப்புறம்?"

நான் வாயிலிருந்த சக்கையை வரப்பில் துப்பினேன்.

"எரிஞ்ச கரும்ப ஆலைல எடுக்கறாங்களாமே, நெசமா?" என்று கேட்டாள்.

நிஜம்தான். கரும்புக் காடு தீப்பிடித்தால் தோகைதான் போகும், கழி நிற்கும். ஆனால் இரண்டு மூன்று நாளுக்குள் ஆட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் சாறு கெட்டுவிடும். அதனால் எரிந்த கரும்புக்கு வரிசை கிடையாது, பதிவு வாரம் கிடையாது. ஆலைக்குச் செய்தி போன மறுநாளே வெட்டுக்கூலி ஆட்களும் லாரியும் வந்துவிடும். விலையில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். இதெல்லாம் பத்து வருஷமாகக் கரும்புக்காரர்களுக்குள் தெரிந்த விஷயம். ஆமாம் என்று சொன்னேன்.

மறுநாள் உச்சி வெயிலில் மேற்கே புகை எழுந்தது. நான் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்துக் காடுகளுக்கு ஒரு தீப்பொறி போகவில்லை. நாலு வரப்பிலும் சருகை வழித்து, தண்ணீர் விட்டு நனைத்திருந்தது. வரப்புத் துவரைகூட அப்படியே நின்றது. கிணற்றடியில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றரை ஏக்கரும் கறுப்பு. ஊர்ஜனம் ஐயோ என்று கூடி நிற்க, மிக்கேலம்மாள் மட்டும் அழாமல் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கரையில் நின்றாள். தான் நட்டு, தானே தண்ணீர் பாய்ச்சி, தன் பிள்ளை மாதிரி வளர்த்ததை ஒரு மனுஷி இப்படி நின்று பார்க்க வேண்டி வந்ததே!

என்னோடு பஸ்ஸில் ஆபீஸுக்கு வந்தாள். தலையிலும் புடவையிலும் சாம்பல். திரைச்சீலைக்கு வெளியே நிற்கவில்லை. நேராக உள்ளே போனாள். ராஜாமணி பதறி எழுந்தவன் என்னைப் பார்த்ததும் உட்கார்ந்துகொண்டான். தீ விபத்துக்குத் தனி ஃபைல் போட வேண்டும். பெயர், ஊர், பரப்பு எல்லாம் தட்டினான். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தீ எப்படிம்மா புடிச்சுது? காரணம் போடணும்" என்றான்.

"நான்தான் வெச்சேன்."

விரல் அப்படியே நின்றது. "அப்படிப் போட முடியாதும்மா. போட்டா எடுக்க மாட்டாங்க."

"அப்ப நீ என்ன போடுவ?"

"காரணம் தெரியலன்னு போடறன்."

இத்தனை மாதமும் சாரு சாரு என்று கூப்பிட்டவள், அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

ராஜாமணி குனிந்தபடி காரணம் தெரியவில்லை என்று இங்கிலீஷில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினான். அந்த ஃபைல் அன்று சாயங்காலமே ஆலைக்குப் போய்ச் சேர்ந்தது.